டோனாவூர் அம்மை



ஞாயிறு பூசையில் காணிக்கைப் பை ஒரு தடவை வந்து போன பிறகு, சில வாரங்களில் இரண்டாந் தடவையும் வருவதுண்டு. இது பெற்றோரற்ற பிள்ளைகளின் இல்லத்துக்கு என்று சுவாமியார் பிரசங்கத்தின் முடிவில் சொல்லியிருப்பார். மதுரைப் பட்டணத்துப் பங்குகளிலும், திருமங்கலம், உசிலம்பட்டி, சோழவந்தான் பக்கத்துக் கிராமக் கோவில்களிலும் இது நமக்குப் பழகிப்போன காரியம். சட்டைப் பையில் கையை விடுகிறோம், அகப்பட்டதைப் போடுகிறோம், அடுத்த பாட்டுக்குப் புத்தகத்தைப் புரட்டுகிறோம். போட்ட பணம் ஒரு குழந்தையின் வயிற்றில் பாலாகப் போய்ச் சேருவதற்குள் எத்தனை பேருடைய தூக்கம் கெடுகிறது என்று நினைத்துப் பார்க்க நமக்கு அவகாசமிருப்பதில்லை.

அதை நினைப்பதற்கு உதவியாக இந்தக் கிழமை ஒரு சரித்திரத்தைச் சொல்லப் போகிறோம். மதுரையில் ரெயிலேறித் தெற்கே போய், வள்ளியூரில் இறங்கி, மேற்கே மலையைப் பார்த்துச் சென்றால் களக்காட்டுக்கு இப்பால் டோனாவூர் என்ற ஊர் இருக்கிறது. அந்த ஊரில் ஐம்பது வருஷம் பிள்ளைகளை வளர்த்து, அங்கேயே மண்ணில் அடக்கமான ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் சரித்திரம் இது. அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். அயர்லாந்து தேசத்துப் பிரஸ்பிட்டேரியன் குடும்பத்தில் பிறந்தவர். ஆனாலும், விசுவாசிகள் கொடுத்த காசைக் கொண்டு பிள்ளைகளைப் போஷித்தவர்களில் காசைப் பற்றி அவ்வளவு கண்டிப்பாக யோசித்தவர்கள் அதிகம் பேர் இல்லை. அவரைத் தெரிந்துகொள்வது நமக்கு நஷ்டமாகாது.

1867ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 16ந் தேதி, அயர்லாந்தின் வடகிழக்குக் கரையில் மில்லைல் என்னும் கடற்கரைக் கிராமத்தில் ஏமி பிறந்தார். ஏழு பிள்ளைகளில் அவரே மூத்தவர். தகப்பனாருக்கு மாவு ஆலை இருந்தது, வீட்டில் குறைவில்லை. தன் கண்கள் நீலமாக வேண்டுமென்று சிறுமி ஏமி இரவெல்லாம் ஜெபித்ததும், காலையில் கண்ணாடியில் பழுப்புக் கண்களையே கண்டு ஏமாந்ததும், பிற்காலத்தில் நம் நாட்டில் அந்தப் பழுப்புக் கண்களே அவருக்கு உதவியதும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த கதை. அதை விட்டு அப்பால் போவோம்.

1885இல் தகப்பனார் இறந்தார். அப்போது குடும்பம் பெல்பாஸ்ட் நகரில் இருந்தது. அந்நகரத்து நூல் ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் தொப்பி வாங்க வசதியில்லாமல் சால்வையால் தலையை மூடிக்கொண்டு நடப்பார்கள். தொப்பி வைத்த சீமாட்டிகளுக்கு அவர்கள் கோவிலுக்குள் வருவது பிடிக்கவில்லை. ஏமி அந்தப் பெண்களைக் கூட்டி வைத்து வேதம் போதித்தார். கூட்டம் பெருகியது. அவர்களுக்கென்று தகரக் கூரை போட்ட ஒரு மண்டபம் கட்ட ஐந்நூறு பவுன் வேண்டியதாயிற்று. இருபத்திரண்டு வயதுகூட நிரம்பாத பெண்ணுக்கு அது எட்டாத தொகை. வீடு வீடாகப் போய்க் கேட்டால் முகதாட்சிணியத்துக்காகவாவது கொடுப்பார்கள். ஆனால் சர்வேசுரனிடத்தில் அன்பில்லாதவன் வாயடைக்கக் கொடுக்கும் பணத்தால் அவருடைய வேலையைச் செய்வது சரியா என்ற கேள்வி அவர் மனதில் எழுந்தது. யாரிடமும் கேட்பதில்லை என்று முடிவு செய்து ஜெபத்தில் மட்டும் வைத்தார். ஒரு சீமாட்டி முழுத் தொகையையும் கொடுத்துவிட்டார். 1889இல் மண்டபம் எழும்பிற்று. அன்று எடுத்த முடிவை அவர் சாகும்வரை மாற்றவில்லை.

அடுத்த வருஷம், இங்கிலாந்தில் ராபர்ட் வில்சன் என்ற முதியவர் ஏமியைத் தம் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். மனைவியையும் ஒரே மகளையும் இழந்த மனிதர் அவர். ஏமியைத் தம் வளர்ப்பு மகளாகவே வைத்திருந்தார். ஏமியும் அவர் பெயரைத் தம் பெயரோடு சேர்த்து எழுதிக்கொண்டார். பெற்ற தாய் உயிரோடிருக்க, வேறொருவர் வீட்டில் மகளாக வாழ்வது எப்படியிருக்கும் என்பதை அவர் தாமே அனுபவித்தவர். பிற்காலத்தில் அவர் அமைத்த வீடுகளைப் பார்க்கும்போது இந்த விஷயம் நமக்கு ஞாபகத்துக்கு வருகிறது.

ஜப்பானுக்கு 1893இல் போனார், உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. இலங்கையிலும் சில நாள் இருந்தார். 1895 நவம்பரில் இந்தியா வந்து, பெங்களூரில் ஒரு வருஷம் இருந்த பிறகு, திருநெல்வேலிச் சீமைக்கு வந்து சேர்ந்தார். வாக்கர் என்ற ஆங்கிலிக்கன் குருவானவர் அவருக்குப் பண்ணைவிளையில் தமிழ் கற்றுக்கொடுத்தார். அங்கே பொன்னம்மாள் என்ற இளம் விதவை அவரோடு சேர்ந்தார். இன்னும் சில தமிழ்ப் பெண்களும் சேர்ந்து, மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போய்ப் பெண்களுக்குப் போதித்தார்கள். பொன்னம்மாள் தம் நகைகளைக் கழற்றி வைத்துவிட்டார். நகையில்லாமல் ஒரு பெண் வெளியே நடப்பது குடும்பத்துக்கே தலைகுனிவு என்றிருந்த காலம் அது. சபை மக்களே முகம் சுளித்தார்கள். வாசகர்களில் தாய்மார்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. டோனாவூரின் முதல் காணிக்கை சீமையிலிருந்து வரவில்லை, பண்ணைவிளையில் ஒரு தமிழ் விதவையின் கழுத்திலிருந்தும் காதிலிருந்தும் இறங்கிற்று என்று சொன்னால் அது மிகையல்ல.

1901 மார்ச் மாதத்தில்தான் அவருடைய வாழ்க்கை திரும்பிற்று. பிரீனா என்ற ஏழு வயதுச் சிறுமியைக் கிறிஸ்தவப் பெண் ஒருத்தி கையைப் பிடித்துக் கூட்டிவந்து பண்ணைவிளை வீட்டுத் திண்ணையில் விட்டாள். பொட்டுக் கட்டுவதற்கென்று கொடுக்கப்பட்ட பிள்ளை அது. முன்னொரு தடவை தப்பித் தூத்துக்குடியில் இருந்த தாயிடம் ஓடிப் போயிருக்கிறது. தாய் பயந்து திருப்பிக் கொடுத்துவிட்டாள். தப்பியதற்குத் தண்டனையாகப் பிள்ளையின் கைகளில் சூடு போட்டார்கள். இரண்டாந் தடவை ஓடியபோது அந்தக் கிறிஸ்தவப் பெண்ணின் கண்ணில் பட்டது. திண்ணையில் உட்கார்ந்திருந்த ஏமியின் மடியில் அது ஏறி உட்கார்ந்துகொண்டு, இனி இங்கேதான் இருப்பேன் என்றது. பொம்மையை வைத்து விளையாடிக்கொண்டே, தான் இருந்த வீட்டில் நடப்பதையெல்லாம் சொல்லிக் காட்டிற்று.

அக்காலத்தில் அந்த வழக்கத்தை ஒழிக்கத் தனிச் சட்டம் இருக்கவில்லை. வறுமையால் பிள்ளையைக் கொடுத்த தாய்மாரும், விதவையாகி வேறு வழியில்லாமல் கொடுத்தவர்களும் இருந்தார்கள். இதை எதிர்த்தவர்களில் வெள்ளைக்காரர் மாத்திரம் இருந்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் சென்னைச் சட்டசபையில் ஓயாமல் போராடினார். கடைசியில் 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறிற்று. ஏமி அம்மையார் பிள்ளைகளைத் தூக்கி வளர்க்கத் தொடங்கி அப்போது நாற்பத்தாறு வருஷம் ஆகியிருந்தது.

பிரீனா வந்த அதே வருஷம், வாக்கர் ஐயர் குடும்பத்தோடு ஏமியும் டோனாவூருக்குக் குடிபோனார். இந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. 1820களில் ரேனியஸ் ஐயர் திருநெல்வேலியில் கிறிஸ்தவர்களைக் குடியேற்றியபோது, பிரஷ்யா தேசத்தில் டோனா என்ற பிரபு இந்த ஊரில் கோவில் கட்டப் பணம் அனுப்பினார். அந்த நன்றிக்காக ஊருக்கே அவர் பெயரை வைத்தார்கள். கொடுத்தவனுடைய பெயர் எழுதிய விளக்கையும் பெஞ்சியையும் நாம் எத்தனையோ கோவில்களில் பார்க்கிறோம். கொடுத்தவன் பெயரில் ஓர் ஊரே இருப்பது அபூர்வம்.

1904 மார்ச்சில் ஒரு தமிழ்ப் போதகர் இராத்திரியில் பிறந்து பதின்மூன்று நாளான ஒரு பெண் குழந்தையைக் கொண்டுவந்து கொடுத்தார். ஏழு வயதுப் பிள்ளைக்குச் சோறு போடுவது ஒன்று. பதின்மூன்று நாள் சிசுவை உயிரோடு வைத்திருப்பது வேறு. வேறு சாதிக் குழந்தைக்குப் பால் கொடுக்கக் கிராமத்துப் பெண்கள் முன்வரவில்லை. பசும்பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு வேறு என்ன கொடுப்பது? பக்கத்தில் ஆஸ்பத்திரி கிடையாது. ஜூன் மாதத்துக்குள் பதினேழு பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். ஊர் ஊராகப் போய்ப் போதிக்க வந்த பெண்கள் இப்போது துணி துவைக்கவும், பால் காய்ச்சவும், இராத்திரி கண்விழிக்கவும் வேண்டியதாயிற்று. படித்த பெண்களுக்கு இது தாழ்ந்த வேலையாகத் தோன்றியது. அவர்களில் பலர் செய்ய மறுத்தார்கள், பொன்னம்மாள் மறுக்கவில்லை.

1905 பிறந்தபோது அந்த வீட்டில் சாவும் நுழைந்தது. அம்மையார் மிகவும் நேசித்த இந்திரநீலா என்ற குழந்தை ஜனவரியில் இறந்தது. முதலில் வந்த குழந்தையும் போய்விட்டது. ஆஸ்பத்திரி அருகில் இருந்தால்தான் சிசுக்கள் பிழைக்கும் என்று கண்டு, அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்த நெய்யூரில், மிஷன் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் சிசுக்களுக்கென்று ஒரு வீடு எடுத்துப் பொன்னம்மாளிடம் ஒப்படைத்தார்கள். அங்கேயும் வயிற்றுக்கடுப்பு நோய் பரவிப் பல குழந்தைகள் மாண்டன. பொன்னம்மாள் டாக்டர்களிடம் சிசு பராமரிப்பைக் கற்று, டோனாவூருக்குத் திரும்பி மற்றப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தார். டோனாவூரில் பிழைத்து வளர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த அம்மாள் கையால் பிழைத்தவர்கள் என்று கணக்கிட முடியாது. 1915இல் புற்றுநோயால் அவர் இறந்தார். புத்தகங்களில் ஏமி அம்மையார் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் அவர் பெயர் வருகிறது. நம்மைக் கேட்டால் பக்கத்திலேயே போட்டிருக்கலாம்.

இனிப் பண விஷயத்துக்கு வருவோம். பிள்ளைகளின் எண்ணிக்கை 1913 வாக்கில் நூற்றைத் தாண்டிவிட்டது. அரிசி, பால், துணி, மருந்து, புதிதாகக் கட்ட வேண்டிய குடில்கள், எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். அம்மையார் மூன்று காரியங்களில் பிடிவாதமாக இருந்தார். யாரிடமும் பணம் கேட்பதில்லை. கடன் வாங்குவதில்லை. அங்கே வேலை செய்ய வருகிறவர்கள் சம்பளம் எதிர்பார்ப்பதில்லை. இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் மற்றத் தேசங்களிலும் இருந்த விசுவாசிகள் தாங்களாக மனமிரங்கி அனுப்பியது வந்தது. நம் நாட்டுக் கிறிஸ்தவர்களும் கொடுத்தார்கள். வந்ததை வரவிலும் செலவிலும் ஒழுங்காக எழுதி வைத்தார்கள்.

அவர் நிறையப் புத்தகங்கள் எழுதினாரே, 1909இல் குழந்தைகளின் படங்களைப் போட்டே ‘லோட்டஸ் பட்ஸ்’ என்ற புத்தகம் வந்ததே, இது கேட்பதாகாதா என்று வாசகர்கள் வினவலாம். நியாயமான கேள்விதான். கொழுகொழுவென்று சிரிக்கும் குழந்தையின் படத்தைப் பார்த்தவன் சும்மா இருப்பானா? ஆனால் ஒரு வித்தியாசமுண்டு. அப்புத்தகங்களில் பிள்ளைகளின் குறும்பும் பிடிவாதமும் விளையாட்டும் இருக்கின்றன. எலும்பும் தோலுமான குழந்தையைக் காட்டிக் காசு கறக்கும் வித்தை இல்லை. காணிக்கை கேட்கும் துண்டுப் பிரசுரங்களில் குழந்தையின் அழுத முகத்தைப் பெரிதாகப் போடுகிற பழக்கம் இந்நாளிலும் இருக்கிறது. அந்தப் பிள்ளை வளர்ந்து எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயதில் அந்தப் பிரசுரத்தைப் பார்த்தால் என்ன நினைக்கும்?

முதல் மகாயுத்தம் அவருடைய கொள்கையைக் கடுமையாகச் சோதித்தது. யுத்தத்துக்கு முன் ஒரு பவுனுக்கு 15 ரூபாய் கிடைக்கும். யுத்தத்தின் பின்பகுதியில் வெள்ளியின் விலை ஏற, ரூபாயின் மதிப்பும் ஏறியது; 1920 வாக்கில் அதே பவுனுக்கு 10 ரூபாய்கூடக் கிடைப்பது அரிதாயிற்று. கொடுப்பவர் குறைத்துக் கொடுக்கவில்லை, ஆனால் வழியிலேயே மூன்றில் ஒரு பங்கு கரைந்துபோயிற்று. 1918இல் அரிசி விலையோ சென்னை மாகாணம் முழுவதும் எகிறிப் பல ஊர்களில் தானியக் கொள்ளை நடந்தது. இந்த நெருக்கடியில்கூடப் பிள்ளைகளைச் சேர்ப்பதை நிறுத்தவில்லை. அதே 1918இல்தான் முதன்முதலாக ஓர் ஆண் குழந்தையை ஏற்று, பையன்களுக்கும் இடமளித்தார்கள். அந்த வருஷங்களின் வரவு செலவையும் அவற்றின் நடுக்கத்தையும் பற்றி அவர் 1922இல் ‘நார் ஸ்கிரிப்’ என்று ஒரு சிறு புத்தகம் எழுதினார். பையை எடுத்துச் செல்ல வேண்டாமென்று சேசுநாதர் சீஷர்களுக்குச் சொன்னதிலிருந்து அந்தப் பெயர் வந்தது.

ஆனால் பணத்தைவிட நமக்கு அதிக ஆச்சரியத்தைத் தருவது அந்த வீடுகளின் ஏற்பாடு. நூறு பிள்ளைகளை ஒரே கொட்டகையில் வரிசையாகப் படுக்க வைத்து மணியடித்துச் சோறு போடுவது சுலபம்; செலவும் குறைவு. டோனாவூரில் அப்படிச் செய்யவில்லை. சின்னச் சின்னக் குடில்கள். ஒவ்வொன்றிலும் சில பிள்ளைகள். அவர்களுக்குத் தாயாக ஓர் அக்கா. பணி செய்ய வந்த பெண்கள், சீமைப் பெண்ணானாலும் தமிழ்ப் பெண்ணானாலும், பிள்ளைகளுக்குச் சித்தி. ஆண்கள் எல்லாரும் அண்ணாச்சி. ஏமி அம்மையார் எல்லாருக்கும் அம்மை. பல குழந்தைகளுக்குப் பிறந்த நாள் தெரியாது. ஆகையால் வீட்டுக்கு வந்து சேர்ந்த நாளை ‘வந்த நாள்’ என்று வருஷந்தோறும் பூவும் பரிசும் வைத்துக் கொண்டாடினார்கள்.

இப்படி ஒரு குடிலுக்கு ஒரு தாய் வேண்டுமானால், கலியாணத்தையும் வீட்டையும் துறந்து ஆயுள் முழுவதும் நிற்கக்கூடிய பெண்கள் வேண்டும். 1916இல் அம்மையார் சில தமிழ்ப் பெண்களைச் சேர்த்து ஒரு சிறு சகோதரிகள் சங்கத்தை ஏற்படுத்தினார். அதற்கு வைத்த பெயர் நம் வாசகர்களுக்குச் சந்தோஷம் தரும். ஹாலந்து தேசத்தில் பதினாலாம் நூற்றாண்டில் ஜெரார்டு குரோட் என்பவர் தொடங்கிய பொது வாழ்வுச் சகோதரர் சபையின் பெயரை எடுத்து, பொது வாழ்வுச் சகோதரிகள் என்று வைத்தார். நாம் கையில் வைத்து வாசிக்கும் ‘கிறிஸ்துநாதர் அநுசாரம்’ எழுதிய தோமாஸ் கெம்பிஸ் இளமையில் படித்து வளர்ந்தது அந்தச் சபையாரிடத்தில்தான்.

எல்லாரும் அவரை மெச்சினார்கள் என்று எண்ண வேண்டாம். சக மிஷனெரிகளிலேயே அவர் நாட்டைவிட்டுப் போனால் நல்லது என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். பிள்ளைகளைக் கடத்துகிறார் என்று குற்றம் சாட்டினார்கள். கோர்ட்டு வழக்குகளும் நடந்தன. பிள்ளைகளை வெளி உலகத்தோடு பழகவிடாமல் அதிகக் கண்டிப்பாக வளர்த்தார் என்று பிற்காலத்தில் குறை சொன்னவர்களும் உண்டு. அதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. 1925இல் தம்மை அனுப்பிய சங்கத்திலிருந்து விலகினார். சில வருஷத்துக்குள் டோனாவூர் ஐக்கியம் தனி ஸ்தாபனமாகப் பதிவாயிற்று. பிறகு ஆஸ்பத்திரியும் எழும்பிற்று.

1931 செப்டம்பர் 24ந் தேதி மாலை களக்காட்டில், மருந்துக் கூடத்துக்கென்று தயாராகிக் கொண்டிருந்த ஒரு வீட்டைப் பார்க்கப் போனவர், இருட்டில் புதிதாகத் தோண்டிய ஒரு குழியில் விழுந்தார். கால் முறிந்தது. அப்புறம் ஏறக்குறைய இருபது வருஷம் ஓர் அறையிலும் அதன் தாழ்வாரத்திலும் கழிந்தது. அங்கே படுத்தபடியே பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பேசினார், கடிதங்கள் எழுதினார், புத்தகங்கள் எழுதினார். இந்தியாவுக்கு வந்து ஐம்பத்தைந்து வருஷத்தில் ஒரு தடவைகூடத் தாய்நாடு திரும்பவில்லை.

அவர் காலத்துக்கும் இக்காலத்துக்கும் பெரிய வேற்றுமை உண்டென்பதையும் சொல்ல வேண்டும். இரவில் ஒரு குழந்தையைத் தூக்கி வந்து திண்ணையில் கொடுத்துவிட்டுப் போவதற்கு இன்று இடமில்லை. 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டப்படி, ஆதரவற்ற குழந்தையை மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுபோக வேண்டும். அக்குழுவே குழந்தை எங்கே இருக்க வேண்டுமென்று தீர்மானிக்கும். இல்லங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். கூடுமானவரை குழந்தை ஒரு குடும்பத்தில் வளர வேண்டும், இல்லம் கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பதும், வளர்ப்புப் பெற்றோரிடம் வைத்துப் பராமரிக்கலாம் என்பதும் அச்சட்டத்தில் உள்ளவை. பெட்டியில் பணம் போடுகிறவர்கள், தாங்கள் உதவும் இல்லம் பதிவு பெற்றதா என்றும், ஒரு தாயிடத்தில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றும் தாராளமாகக் கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

ஒரு தாய்க்குச் சில பிள்ளைகள் என்ற அந்த ஏற்பாட்டைப் பார்க்க நாம் டோனாவூர் வரை போக வேண்டியதுகூட இல்லை. வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் போகும் வழியில் ஜி. கல்லுப்பட்டி இருக்கிறது. 2017இல் காலமான லசால் சபைச் சகோதரர் ஜேம்ஸ் கிம்ப்டன் அங்கே 1970களில் தொடங்கிய ஸ்தாபனத்தில், சிறு வீடுகளில் வளர்ப்புத் தாய்மார் பிள்ளைகளைத் தங்கள் பிள்ளைகளாக வளர்த்தார்கள். அந்த அடுப்புகள் எரிவதற்கு இங்கிலாந்துப் பங்குக் கோவில்களில் பை நீட்டிச் சேர்த்த காசும் உதவிற்று. அங்கேயும் யாரோ ஒருவர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே போட்ட காசாக இருக்கலாம்.

ஏமி அம்மையார் 1951 ஜனவரி 18ந் தேதி டோனாவூரில் மரித்தார். தம் கல்லறைக்கு மேல் கல் நாட்ட வேண்டாமென்று முன்பே சொல்லியிருந்தார். அவருடைய பிள்ளைகள் அந்த இடத்தில் மரத்தடியில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல் தொட்டியை வைத்தார்கள். அதில் அம்மை என்று மட்டும் வெட்டியிருக்கிறது.